பல்லில் கை வைப்பதற்கு முன்: பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் மருத்துவர்களுக்கும், பல் மருத்துவக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களுக்கும்,

போன மாதம் என் மகளின் தாடையில் 'டிக்' என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பத்தொன்பது வயது. கல்லூரியில் முதலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு இடது காதுக்கு முன்னால் வலி, கொட்டாவி விட்டால் சத்தம். படிக்கிற ஊரிலேயே ஒரு கிளினிக்கில் காட்டினாள். நீலத் தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல்லில் மை ஒட்டியிருக்கிறது என்று பார்த்து, ஐந்தே நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். "பைட் சரியில்லைம்மா. நாலு பல்லை லேசாத் தேய்ச்சு விட்டா சரியாயிடும். சனிக்கிழமை வாங்க."

பைட் என்றால் கடி, அதாவது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று பொருந்துகிற விதம். அவள் போனில் இதைச் சொன்னபோது என் கை நடுங்கியது. 2019-இல் வேறொரு ஊரில், வேறொரு கிளினிக்கில், கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை என்னிடமும் சொன்னார்கள். நான் சரி என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலின் பலனை இன்றும் வாயில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

நான் கோவில்பட்டியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் பேச வேண்டிய வேலை. 2018 கடைசியில் என் அம்மா இறந்துபோனார். தூக்கம் போய், சாப்பாடு போய், வகுப்பில் நின்றபடி அழுகிற நிலைக்கு வந்ததும் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார். அது எனக்கு உதவியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் மூன்று நான்கு வாரத்தில் வேறொன்று ஆரம்பித்தது. இரவில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொன்னார்கள். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் கல்லாக இறுகியிருக்கும். ஒரு நாள் காலையில் பல் விளக்க வாயைத் திறந்தேன், ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது.

முதலில் பார்த்தவர் ஞானப்பல்லைப் பிடுங்கினார். வலி குறையவில்லை. அடுத்தவர்தான் 'பைட்' என்றார். நான்கு பற்களைத் தேய்த்தார். ஒரு வாரம் நன்றாக இருந்தது போலத் தோன்றியது, பிறகு பழைய வலியோடு பற்கூச்சமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் பட்டால் உயிர் போகும். தேய்த்ததில் இரண்டு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியதாயிற்று. கேப் போட்டதும் கடி மாறிவிட்டது என்று மறுபடி தேய்த்தார்கள். இரண்டு வருடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் செலவு. மருத்துவக் காப்பீட்டில் கேட்டால், 'இது பல் சிகிச்சை, எங்கள் பாலிசியில் வராது' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். எம்ஆர்ஐ எடுத்த பணம்கூடத் திரும்ப வரவில்லை. மூட்டுக்கு எடுத்த எம்ஆர்ஐ எப்படிப் பல் சிகிச்சை ஆகும் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

எங்கள் ஊர்க் கடலைமிட்டாயை நான் கடித்து ஏழு வருடம் ஆகிறது. சின்ன விஷயம்தான். ஆனால் பிள்ளைகள் தேர்வில் ஜெயித்துவிட்டு ஒரு பாக்கெட்டோடு வந்து நீட்டும்போது, அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு "அப்புறம் சாப்பிடுறேன்" என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அது சின்ன விஷயமாகப் படுவதில்லை.

2021-இல் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் வாய் மருத்துவத் துறையில், தலை நரைத்த ஒரு பெண் மருத்துவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி: "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க? எப்ப இருந்து?" அதற்கு முன் நான்கு பேர் என் வாயைப் பார்த்திருந்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. நான் மாத்திரையின் பெயரைச் சொன்னதும், தாடை பூட்டிக்கொண்டது எந்த மாதம் என்று கேட்டார். இரண்டு தேதிகளையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் அழுதுவிட்டேன்.

செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின் போன்ற மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுகிற சிலருக்குப் பல் கடிக்கும் பழக்கம் புதிதாகத் தொடங்கும் என்பது மருத்துவ இதழ்களில் பல வருடங்களாகப் பதிவாகியிருக்கிறது. மூளையில் செரட்டோனின் கூடும்போது, அசைவுகளைக் கட்டுப்படுத்துகிற பகுதியில் டோபமின் அடங்கிப்போகிறது, தாடைத் தசைகள் தம் போக்கில் இறுகுகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். மருந்தளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, பஸ்பிரோன் என்கிற பதற்றத்துக்கான மருந்தைச் சேர்ப்பது என்று வழிகளும் உண்டு. இதைப் படிக்கிற யாரும் தயவுசெய்து மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். என் மனநல மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறொன்றுக்கு மாற்றினார். கூடவே தாடைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடாமல் பார்த்துக்கொள்வது. ஆறு மாதத்தில் மூன்று விரலைச் செங்குத்தாக வாயில் வைக்கிற அளவுக்குத் திறந்தது. தேய்த்த பற்கள் மட்டும் திரும்ப வளரவில்லை.

உங்களில் பலருக்கு இந்த இடத்தில் 'இது ஒரு தனிப்பட்ட அனுபவம்' என்று தோன்றலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், படிக்க ஆரம்பிக்கும் வரை. வேதியியல் படித்தவள் என்பதால் ஆய்வுக் கட்டுரைகளை ஓரளவு வாசிக்க முடிந்தது. வாசிக்க வாசிக்க ஒன்று தெளிவானது. தாடை மூட்டை நீங்கள் ஒரு கதவுக் கீல் மாதிரிப் பார்க்கிறீர்கள். கீல் சத்தம் போட்டால் கதவின் விளிம்பைச் சீவுகிறீர்கள். அந்த மூட்டுக்குள்ளே என்ன வினை நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்தப் பார்வைக்கு வயது அதிகம். 1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஜேம்ஸ் காஸ்டன் என்கிற காது மூக்கு தொண்டை மருத்துவர், காதுவலிக்கும் தலைவலிக்கும் தாடை மூட்டுதான் காரணம், கடைவாய்ப் பல் போய் வாய் அதிகமாக மூடுவதால் மூட்டு அமுங்குகிறது என்று எழுதினார். மூட்டைக் கவனிக்க வைத்த வகையில் அவர் செய்தது பெரிய உதவி. ஆனால் அன்றைக்கு அவர் கையில் இருந்தது விரலும் கண்ணும் மட்டும். மூட்டுத் திரவத்தை ஊசியில் எடுத்து அதில் என்னென்ன மூலக்கூறுகள் இருக்கின்றன என்று பார்க்கிற காலம் வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அந்தத் திரவத்தில் கண்டுபிடிக்கப்பட்டவற்றையும், அதை வைத்து ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கத்தையும் என் மாணவர்களுக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

மூட்டை வழுக்கலாக வைத்திருப்பது ஹைலூரோனிக் அமிலம். சர்க்கரை அலகுகள் சேர்ந்த நீண்ட சங்கிலி. சங்கிலி நீளமாக இருக்கும் வரைதான் திரவம் கொழகொழவென்று இருக்கும். பல்லை இறுக்கிக் கடிக்கும்போது மூட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் இருக்கிற அழுத்தத்தைத் தாண்டினால், அந்த நேரத்துக்கு அங்கே ரத்தம் நின்றுவிடும். செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும். கடியைத் தளர்த்தியதும் ரத்தம் திரும்பப் பாயும், ஆக்சிஜனும் வரும். வருகிற ஆக்சிஜன் நல்லதைச் செய்யும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பட்டினி கிடந்த செல்லில் திடீரென்று வந்து சேரும் ஆக்சிஜனில் ஒரு பகுதி, செல்லைச் சேதப்படுத்தக்கூடிய சூப்பர் ஆக்சைடாகவும் பெராக்சைடாகவும் மாறுகிறது. மாரடைப்பில் அடைப்பு நீங்கியதும் இதயத் தசைக்கு வருகிற சேதத்திலும் இந்த வழிக்குப் பங்கு உண்டு.

அதோடு நிற்பதில்லை. இறுகிக் கடிக்கிற மூட்டுக்குள் சில நேரம் மிக நுண்ணிய ரத்தக் கசிவு ஏற்படும். ரத்தம் என்றால் ஹீமோகுளோபின், ஹீமோகுளோபின் என்றால் இரும்பு. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஹென்றி ஃபென்டன் 1894-இலேயே எழுதிவிட்டார். ஃபென்டன் வினை என்று வேதியியல்காரர்கள் சொல்வது அதைத்தான். அதில் ஹைட்ராக்சில் தனி உறுப்பு (ஃப்ரீ ரேடிக்கல், ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலைகிற துணுக்கு) பிறக்கும். தனி உறுப்புகளில் இதைப் போல வெறி பிடித்தது குறைவு, அருகில் எது இருக்கிறதோ அதைத் தாக்கும். மூட்டில் அருகில் இருப்பது ஹைலூரோனிக் அமிலச் சங்கிலி. சங்கிலி துண்டு துண்டாகும், திரவம் நீர்த்துப்போகும், உராய்வு கூடும், மூட்டின் எலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் ஒட்டிக்கொள்ளும் அல்லது இடம் நழுவும். 'டிக்' சத்தமும் பூட்டிக்கொள்வதும் இப்படியும் வரலாம். டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீபன் மிலாம், ஜெருசலேமின் டோரிட் நிட்சான் போன்றவர்கள் 1990-களிலிருந்து இந்தக் கோணத்தில் எழுதிவந்திருக்கிறார்கள். 1991-இல் நிட்சானும் அவருடைய சக மருத்துவர்களும் பூட்டிக்கொண்ட மூட்டை இரண்டு ஊசிகளால் கழுவி மட்டும் விட்டார்கள். டிஸ்க்கைப் பழைய இடத்தில் வைக்கவில்லை, பல்லைத் தொடவில்லை. வாய் திறந்தது. கடி மட்டுமே காரணம் என்றால், வெறுமனே கழுவியதில் வாய் எப்படித் திறந்தது? இந்தக் கேள்வியை உங்கள் மாணவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வலிக்கிற மூட்டுகளின் திரவத்தில் இன்டர்லூகின்-1 பீட்டா, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப்-ஆல்பா என்கிற அழற்சிச் செய்தி மூலக்கூறுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவை கொலாஜன் என்கிற நார்ப் புரதத்தை வெட்டுகிற நொதிகளை எழுப்பிவிடுகின்றன. அந்த நொதிகளின் நடுவில் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும். மற்ற மூட்டுகளில் பெரும்பாலும் வழவழப்பான குருத்தெலும்பு இருக்க, தாடை மூட்டின் மேற்பரப்பில் இருப்பது நார்க்குருத்தெலும்பு, அதன் பெரும் பகுதி கொலாஜன். நொதி அதை அரிக்க ஆரம்பித்தால், வெளியே பல்லை எத்தனை அழகாகத் தேய்த்துக் கொடுத்தாலும் உள்ளே அரிப்பு நிற்காது. ட்ரைஜெமினல் என்கிற முக்கிளை நரம்பின் முனைகள் சப்ஸ்டன்ஸ்-பி போன்ற வலிச் செய்தி மூலக்கூறுகளைக் கொட்டி அழற்சியை இன்னும் கிளறும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மூளைத்தண்டில் இருக்கிற நரம்புச் செல்கள் சின்னத் தொடுதலையும் வலியாகப் படிக்கப் பழகிவிடும். அந்தக் கட்டத்தில் வலி மூட்டைத் தாண்டிவிடுகிறது. பல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த நோய் பெண்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது, அதுவும் பிள்ளைபெறும் வயதில். பெண்களின் கடி ஆண்களின் கடியைவிட இரு மடங்கு கோணலா? தாடை மூட்டின் திசுக்களில் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் புரதங்கள் இருக்கின்றன. சியாட்டிலில் லிண்டா லெரெஷ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருக்கும் நாட்களிலும் அது வேகமாக ஏறி இறங்கும் நாட்களிலும் தாடை வலி கூடியது. நான் எட்டு மாதம் நோட்டில் குறித்து வைத்தேன். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னும் முதல் இரண்டு நாளும் என் பக்கங்களில் சிவப்பு மை. என் மகளிடமும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பார்த்த கிளினிக்கில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்புறம் 'டென்ஷன்'. "டீச்சரம்மா, டென்ஷனைக் குறைங்க" என்று என்னிடம் சொன்னவர்கள் இருவர். சொல்கிற விதத்தில், வலி என் கற்பனை என்கிற அர்த்தம் இருந்தது. மன அழுத்தத்துக்கும் ரசாயனம் உண்டு. அழுத்தத்தில் சுரக்கிற அட்ரினலின், நார்அட்ரினலின் இரண்டையும் உடைக்கிற காம்ட் என்கிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மெதுவாக வேலை செய்யும், அவர்களுக்கு வலி கூடுதலாகத் தெரியும். 2005-இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தினர் 202 பெண்களைத் தொடர்ந்து கவனித்து, வலி உணர்வைக் குறைக்கிற காம்ட் மரபணு வகை இருந்தவர்களுக்குத் தாடை மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு குறைவு என்று காட்டினார்கள். அதன் பிறகு 2006-இல் தொடங்கிய ஓப்பெரா (OPPERA) என்கிற அமெரிக்க ஆய்வில், தாடை நோய் இல்லாத 3,200-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டு, யாருக்குப் புதிதாக வருகிறது என்று பல வருடம் பார்த்தார்கள். கெட்டுப்போன தூக்கம், உடம்பில் வேறு இடங்களில் வலி, தாடையை இறுக்கும் பழக்கம் போன்றவை முன்கூட்டியே தெரிந்த அறிகுறிகள். அதாவது, தாடை வலிக்கிறது என்று வருகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி வாய்க்கு வெளியே இருக்கின்றன.

நான் ரசாயனம்தான் எல்லாமே என்று சொல்ல வரவில்லை. அடிபட்டு வரும், பிறவியில் வரும், முடக்குவாதத்தில் வரும். சிறுவயது மூட்டழற்சி இருக்கிற பிள்ளைகளுக்கு வலியே தெரியாமல் தாடை மூட்டு அரிக்கப்பட்டு, கீழ்த்தாடை வளராமல் போவதும் உண்டு. கடி மிக மோசமாக இருப்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். நான் கேட்பது வரிசையைப் பற்றி. திரும்பப் பெற முடியாத ஒன்றைச் செய்வதற்கு முன்னால், திரும்பப் பெறக்கூடியவற்றை எல்லாம் பார்த்தீர்களா?

கீலாக மட்டும் பார்த்தால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. 1980-களில் ஹூஸ்டனிலிருந்த வைடெக் என்கிற நிறுவனம், தேய்ந்த தாடை டிஸ்க்குக்குப் பதிலாக வைக்க, ப்ரோப்ளாஸ்ட் என்கிற செயற்கைப் பொருளும் டெஃப்லானும் சேர்ந்த ஒரு தகட்டை விற்றது. 1983-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. டெஃப்லான் எதனுடனும் வினைபுரியாத பொருள் என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம், அதனால் பாதுகாப்பானது என்று அவர்கள் நம்பினார்கள். ஆனால் மென்று மென்று அந்தத் தகடு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியை விழுங்க உடம்பின் பாதுகாப்புச் செல்கள் ஓடிவந்தன. விழுங்கவும் முடியாமல், விடவும் முடியாமல், ஒன்றோடொன்று இணைந்து பெரிய செல்களாகி, அழற்சி மூலக்கூறுகளை ஓயாமல் கொட்டின. பக்கத்திலிருந்த எலும்பு கரைந்தது. சிலருக்கு மண்டையோட்டுப் பக்கம் வரை அரித்தது. 1990-இல் நிறுவனம் திவாலானது, எஃப்டிஏ எச்சரிக்கை விடுத்தது, பொருத்தியதை எடுப்பதற்காக ஆயிரக்கணக்கான நோயாளிகள் மறுபடி அறுவை மேசைக்குப் போனார்கள். பெரும்பாலும் பெண்கள். பொருளின் வடிவத்தைப் பார்த்தவர்கள், அதற்கு உடம்பு என்ன ரசாயனப் பதில் சொல்லும் என்று போதுமான அளவு பார்க்கவில்லை.

பல்லைத் தேய்ப்பது அந்த அளவுக்குக் கொடுமையில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பழக்கம் ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதற்கு முன்பே கை கருவியை எடுத்துவிடுகிறது.

இதைச் சொல்கிறவள் ஒரு நோயாளி என்று ஒதுக்க வேண்டாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1996-இலேயே ஒரு மாநாடு கூட்டி, திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளுக்கு இந்த நோயில் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2020-இல் அந்த நாட்டின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, இந்த நோயாளிகள் மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் நடுவிலிருக்கிற பள்ளத்தில் விழுந்து கிடக்கிறார்கள் என்ற பொருளில் பேசியது. என் காப்பீட்டு விண்ணப்பம் விழுந்ததும் அதே பள்ளத்தில்தான். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் நாள்பட்ட தாடை வலிக்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் இருப்பவை கண்காணிப்போடு செய்யும் தாடைப் பயிற்சி, தசைகளையும் மூட்டையும் கையால் இளக்கிக் கொடுப்பது, மனநடத்தைச் சிகிச்சை போன்றவை. கடியையே நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளிண்ட் (பல் மேல் மாட்டும் உறை), டிஸ்க்கை வெட்டி எடுப்பது ஆகியவற்றை வலுவாக வேண்டாம் என்றது. இரவில் பல்லில் மாட்டும் சாதாரண நைட் கார்டு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, நான் மேலே பாராட்டிச் சொன்ன மூட்டுக் கழுவுதல் ஆகியவைகூட நாள்பட்ட வலிக்கு முதல் தேர்வாக வரவில்லை, கூடுமானவரை தவிர்க்கச் சொல்லும் பட்டியலில் இருக்கின்றன. பல் தேயாமல் காக்க நைட் கார்டு உதவும், அது வேறு விஷயம். என் ஊரில் முதலில் விற்கப்படுவது எது, கடைசியில் கூடச் சொல்லப்படாதது எது என்று நினைத்துப் பார்க்கிறேன். பிசியோதெரபிக்குப் போங்கள் என்று என்னிடம் முதல்முறை சொல்லப்பட்டது மூன்றாவது வருடத்தில்.

உங்கள் சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் "இதுக்கா ஃபீஸ்?" என்று கேட்கிற நோயாளிகள் இருக்கிறார்கள், நானே ஒரு காலத்தில் அப்படிக் கேட்டிருப்பேன். ஏதாவது செய்தால்தான் வைத்தியம் என்று நாங்களும் உங்களை நெருக்குகிறோம். என் பல்லைத் தேய்த்தவர் கெட்டவர் இல்லை. அன்பாகப் பேசினார், கடைசித் தவணையில் பணம்கூடக் குறைத்துக்கொண்டார். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டதை அவர் செய்தார். அதனால்தான் அவர் மேல் புகார் கொடுக்காமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கிளினிக் நடத்துகிறவர்களிடம் முதலில் கேட்பது: தாடை வலி என்று வருகிறவரின் நோய்க்குறிப்புத் தாளில், நீலத் தாளை எடுப்பதற்கு முன்னால், சில கேள்விகளை அச்சடித்து வையுங்கள். என்ன மாத்திரை, எப்போதிலிருந்து. தூக்கம் எப்படி. உடம்பில் வேறு எங்கே வலி, காலையில் விரல் மூட்டுகள் இறுகுகின்றனவா. பெண்ணாக இருந்தால், வலி மாதத்தில் எந்த நாட்களில் கூடுகிறது. சமீபத்தில் வீட்டில் ஏதாவது நடந்ததா. ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். தாடை நோய்க்கென்று உலக அளவில் ஏற்கப்பட்ட கண்டறியும் முறை 2014-இலிருந்து இருக்கிறது, சில கேள்விகளே கொண்ட சுருக்கமான வலிக் கேள்வித்தாளும் உண்டு. அதைத் தமிழில் மேசை மேல் வையுங்கள்.

இரண்டாவது, வலிக்காக ஒரு பல்லைத் தேய்க்கவோ பிடுங்கவோ போகிறீர்கள் என்றால், 'இது திரும்ப வராது, இதனால் வலி போகும் என்பதற்கு உறுதி இல்லை' என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் நோயாளி வீட்டுக்குப் போய் யோசிக்க ஒரு வாரமாவது கொடுங்கள். தாடை பூட்டிக்கொண்ட அன்றைக்கே, அழுதுகொண்டிருக்கிற ஆளிடம் கேட்காதீர்கள்.

மருந்து காரணமாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், அந்த மருந்தை எழுதிய மருத்துவருக்கு நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். நோயாளியின் வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். முடக்குவாதம் என்று பட்டால் ரத்தப் பரிசோதனைக்கும், தசை இறுக்கம் என்றால் பிசியோதெரபிக்கும் அனுப்புங்கள். அனுப்பியதால் உங்கள் மேல் எங்களுக்கு மரியாதை குறையாது.

காப்பீட்டுக்காரர்களுக்கு நான் தனியாக எழுதுகிறேன். ஆனால் தாடை மூட்டு நோய்க்கு எழுதும் சான்றிதழில் 'மூட்டு நோய்' என்று எழுதுங்கள். 'பல்' என்கிற ஒரு சொல்லால் எத்தனை விண்ணப்பம் தள்ளுபடியாகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களிடம்: அமெரிக்காவில் 2020-இலிருந்து வாய்முக வலி பல் மருத்துவத்தின் தனிச் சிறப்புத் துறையாகிவிட்டது. இங்கே அந்த அளவுக்கு இப்போதே கேட்கவில்லை. இளநிலை மாணவர்கள் கடியை அளக்கப் படிக்கிற நேரத்தில் ஒரு பகுதியை மூட்டுத் திரவத்துக்கும், தனி உறுப்புகளுக்கும், ஹார்மோனுக்கும், மருந்துகளின் பக்கவிளைவுக்கும் ஒதுக்குங்கள். முதலாண்டில் உயிர்வேதியியல் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதைக் கடைசி ஆண்டில் நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மறுபடி எடுங்கள். இறுதித் தேர்வில் ஒரு கேள்வி வையுங்கள்: தாடை பூட்டிக்கொண்டு ஒரு பெண் வருகிறார், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் அவரிடம் என்ன கேட்பீர்கள்?

என் எக்ஸ்ரேக்கள், எம்ஆர்ஐ, தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த பல் அச்சுகள், எட்டு மாத வலி நோட்டு எல்லாம் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பாடம் நடத்தப் பயன்படும் என்று எந்தக் கல்லூரி கேட்டாலும், ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி நானே கொண்டுவந்து தருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து மாணவர்களின் கேள்விகளுக்குப் பதிலும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
கோவில்பட்டி